ஆமூர் மல்லனும் ஐப்பசிப் பேய்களும்
— மல்லரங்கச் சுவைஞனைப் பற்றிய மெய்ப்பாட்டாய்வு —

பண்டைத் தமிழ்ப் புலவர் மற்போரைப் பாடியதோடு அமைந்தாரல்லர். அதனைக் கண்டு நின்றாரின் உள்ளத்தையும் பாடினர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றிய பாடல்கள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை ஆறு உள. அவற்றுள் முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியன. பின்னைய மூன்றும் நக்கண்ணையார் பாடியன. ஆமூர் மல்லனைக் கிள்ளி மடக்கிய பிடியையும், அவன் காலும் மார்பும் இயங்கிய முறையையும் சாத்தந்தையார் கண்முன் நிறுத்துகின்றார். நக்கண்ணையாரோ போரைப் பார்க்கும் கூட்டத்தைக் காட்டுகின்றார். வெற்றி கிள்ளியதே என்பார் ஒரு சாரார். அன்று என்பார் மற்றொரு சாரார். அவ்விரு கூற்றுக்கும் இடையே பனையொன்றின் அடிமரத்தைப் பொருந்தி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டதாக அப்புலவர் கூறுகின்றார். மல்லனைக் காட்டிலும் மல்லனைக் காண்பானே ஆராய்ச்சிக்குரியவன் என்னும் உண்மை இப்பாடலாற் புலனாகும்.

இக்காலத்தில் மற்போர் என்னும் பெயரால் உலகெங்கும் பரவியிருப்பது ஆமூரில் நிகழ்ந்ததனின் வேறானது. கயிறு கட்டிய மேடையிலே, வெற்றி தோல்விகள் முன்னரே வரையறுக்கப்பட்டு, வீரன் இவன், கொடியோன் இவன் என வேடம் வகுத்து நடத்தப்படும் காட்சி அது. இந்தியத் துணைக்கண்டத்தில் அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் பஞ்சாப் தந்த தாரா சிங். 1968 ஆம் ஆண்டிற் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வென்றவராகப் போற்றப்பட்ட அவரே, 1987 இலும் 1988 இலும் ஒளிபரப்பாகிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றினார். மல்லரங்குக்கும் புராண அரங்குக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிதன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும். இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் செய்மதித் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் காண்பது இவ்வகை மற்போரின் அமெரிக்க வடிவமாகும்.

அவ்வமெரிக்க வடிவத்துள்ளும் ஒருவகை தனித்து நோக்கற்பாலது. ஒக்டோபர் 31 ஆம் நாள் இரவு மேனாட்டார் கொண்டாடும் ஹலோவீன், இறந்தோரும் பேய்களும் உலவுவதாகக் கருதப்பட்ட இரவின் எச்சம். அதனையொட்டி 'ஹலோவீன் ஹவொக்' என்னும் மல்லரங்க விழா 1989 முதல் 2000 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. 2020 இல் மீண்டும் உயிர்பெற்றது. மண்டையோடும் கல்லறையும் பூசணிக்காய் முகமும் மேடையை அலங்கரிக்க, பேய்க்கோலம் பூண்டாரும் மல்லரும் ஒருங்கே தோன்றுவர். இதனை ஒரு தமிழ்ச் சுவைஞன் எங்ஙனம் ஏற்கின்றான்? எங்கே சிரிக்கின்றான்? எங்கே வியக்கின்றான்? எங்கே முகந்திருப்பிக் கொள்கின்றான்? இவற்றை ஆராய்தல் வீண் முயற்சியன்று.

'பொய்ச்சண்டைக்கு ஆராய்ச்சி எதற்கு?' என்று வினவுவாருளர். அவர்க்கு விடை கூறிய பின்னரே மேற்செல்லுதல் முறை. மல்லரங்கம் தன்னை மறைத்துக்கொண்ட காலம் கழிந்தது. 1989 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையின் முன், அதனை நடத்திய நிறுவனமே, அது விளையாட்டுப் போட்டியன்று, கேளிக்கை நிகழ்ச்சியே என ஒப்புக்கொண்டது. அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த், 1957 இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியில், மற்போர் விளையாட்டன்று, காட்சியே என்றும், அது மெய்யோ பொய்யோ என்பது காண்போர்க்குப் பொருட்டன்று என்றும் விளக்கியிருந்தார். முடிவு தெரிந்திருத்தல் சுவைக்குத் தடையாகாது என்பதை யாழ்ப்பாணத்தார்க்குப் பிரெஞ்சுக்காரர் வந்து உணர்த்த வேண்டியதில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராணக் கலாசாரம்' எனப் பெயரிட்டுப் போற்றிய வாழ்வு இம்மண்ணினது. ஆண்டுதோறும் புராண படனம் கேட்போருட் சூரனின் முடிவை அறியாதார் ஒருவருமிலர், ஆயினும் கேட்கின்றனர், கேட்டு உருகுகின்றனர்.

ஹலோவீன் விழா நிகழும் ஐப்பசியிலேயே பெரும்பாலும் கந்தசஷ்டியும் வருகின்றது. ஆறாம் நாள் மாலை நல்லூர், மாவிட்டபுரம் முதலாய முருகன் கோயில்களிற் சூரன்போர் நிகழும். சூரனின் திருவுருவைத் தோளிற் சுமந்தோர் முன்னும் பின்னும் ஓடி ஆட்டுவர். ஆனைமுகமும் சிங்கமுகமும் மாறிமாறி வரும். சிறுவர் தந்தையர் தோளிலிருந்து ஆரவாரிப்பர். வேலின் வெற்றியில் ஐயுறுவார் யாருமிலர். ஆயினும் சூரன் ஓடிவரும்போது பிள்ளைகளின் கைகள் தந்தையர் தலையை இறுகப் பற்றும். இதனைப் பொய் என்று எவரும் இகழ்வதில்லை. ஆதலின், முடிவு முன்னரே வகுக்கப்பட்டது என்னும் ஒன்றைக்கொண்டு மல்லரங்கைத் தள்ளுதல் நேர்மையாகாது. அது வேறு காரணங்களாற் கொள்ளத்தக்கதாகவோ தள்ளத்தக்கதாகவோ இருக்கலாம். அக்காரணங்களைத் தெரிதற்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் பெரிதும் துணைபுரியும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு எனவும், ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் எனவும் வகுத்தார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. ஹலோவீன் அரங்கு நம்பியிருப்பது இவற்றுள் முதலாவதாகிய அணங்கை. 1991 ஆம் ஆண்டுச் சட்டனூகா நகர் விழாவிற் கூண்டொன்றினுள் எண்மர் பொருதனர். பேய்வேடத்தார் சூழ நின்றனர். கூண்டின் நடுவே கொலைத் தண்டனைக்குரிய மின்னாற்காலி இருந்தது. எதிரியை அதிலிருத்தி விசையை இழுப்பதே வெற்றி. முடிவிலே ஒருவர் ஆள்மாறி விசையை இழுக்க, தம் அணியைச் சேர்ந்தவரே 'தண்டனை' பெற்றார். 1995 ஆம் ஆண்டு டெற்றோயிற் விழாவிலோ, ஹல்க் ஹோகனும் 'இராட்சதன்' எனப் பெயர் பூண்ட பேருருவினரும் கட்டடமொன்றின் கூரைமேற் பெருஞ்சில்லுப் பூட்டிய லொறிகளால் மோதினர். இராட்சதன் கூரையினின்று விழுந்ததாகக் காட்டப்பட்டது. சிறிது நேரத்தின் பின் அவர் ஊறெதுவுமின்றி மேடைக்கு வந்து போரிட்டார்! போரின் இறுதியில் இமயத்துப் பனிமனிதனின் பெயரைத் தாங்கிய ஒருவர், எகிப்தியப் பிணத்தின் கட்டுத்துணி சுற்றி வந்து சேர்ந்தார்.

இவற்றைக் காணும் சுவைஞனிடம் அச்சம் பிறப்பதில்லை; நகையே பிறக்கின்றது. நகையின் நிலைக்களங்களாகிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பனவற்றுட் பின்னைய இரண்டும் இங்கே தாமாகவே அமைந்துவிட்டன. பேய் பொய்யென்பது இதற்குக் காரணமன்று. கூத்திலே வரும் பேயும் பொய்யே. கதை தான் விதித்த விதியைத் தானே மீறியமையே குற்றம். கூரையினின்று வீழ்ந்தவன் உடனே நடந்து வருவானாயின், அதன்பின் அவ்வரங்கில் வீழ்ச்சி என்பதற்குப் பொருளில்லை. சூரன் மாமரமாகி நின்றபோதும், பிளவுண்டு சேவலும் மயிலுமானபோதும், ஒவ்வொரு மாற்றமும் முன்னைய தோல்வியிற் பிறந்தது, ஒன்றும் மறக்கப்படவில்லை. இராட்சதனோ வீழ்ந்ததை மறந்து வந்தான். மரணத்துக்கு விலையில்லாத கதையில் அச்சத்துக்கும் இடமில்லை என்க.

இதற்கு மறுதலையாக, அதே விழா 1997 ஒக்டோபர் 26 ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் நிகழ்ந்தபோது, பேயெதுவும் பங்குகொள்ளாத ஒரு போர் சுவைஞர் நெஞ்சில் நிலைபெற்றது. எடி குவெரேரோ தம் விருதுக்கச்சையையும், ரே மிஸ்டீரியோ தம் முகமூடியையும் பணயமாக வைத்தனர். மெக்சிக்கோ நாட்டு மல்லர் மரபில் முகமூடி வெறும் அணியன்று. அதனை இழத்தல் பெயரையே இழத்தலை ஒக்கும். அன்று மிஸ்டீரியோ, படக்கதைகள் வாயிலாகத் தமிழ்ச் சிறுவரும் நன்கறிந்த முகமூடி வீரர் மாயாவியின் கோலத்தைத் தழுவிய ஊதா நிற உடை அணிந்திருந்தார். ஏறத்தாழ 14 நிமிடம் நிகழ்ந்த அப்போரிற் குவெரேரோ எதிரியின் முகமூடியைக் கிழிக்கப் பலகால் முயன்றார். முடிவில் மேற்கயிற்றின்மீதிருந்து எறிய அவர் எடுத்த பிடியையே மிஸ்டீரியோ வான்வழித் திருப்பித் தம் வெற்றியாக்கினார்.

மருட்கையின் நிலைக்களங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பர் தொல்காப்பியர். பெரியது கண்டு வியத்தலைப் போலவே சிறியது கண்டும் வியக்கலாம் என்னும் நுட்பம் இங்கே பொருந்தி விளங்குகின்றது. ஐந்தரையடி அளவினரான மிஸ்டீரியோ, ஏழடி இராட்சதன் எழுப்பவியலாத வியப்பை எழுப்பினார், அது சிறுமை. தோல்வியாக வந்த பிடி கண்முன்னே வெற்றியாகத் திரிந்தது, அது ஆக்கம். முடிவு முன்னரே வகுக்கப்பட்டிருப்பினும், மேற்கயிற்றின்மீது நின்ற உடல்கள் மெய்யுடல்களே. காலம் ஒரு நொடி பிழைத்தால் முறியும் கழுத்தும் மெய்க்கழுத்தே. ஆண்டுக்கணக்கிற் பயின்ற கல்வியும், அஞ்சாமையாகிய தறுகணும் அங்கே வெளிப்பட்டன. அவ்விரண்டும் பெருமிதத்தின் நிலைக்களங்கள் ஆகும். சுவைஞன் கைகொட்டியது கதைக்காக அன்று, அக்கல்விக்கும் தறுகணுக்குமே.

இதுவரை கூறியன மல்லரங்குக்கு ஆதரவானவை. இனி அதற்கெதிராக எழும் வலிய தடையும் இவ்விடத்தே தோன்றுகின்றது. கோயில் வீதியில் ஆடும் சூரன் மரத்தால் ஆனவன். மேடையில் வீழும் மல்லன் தசையால் ஆனவன். 1999 மே 23 ஆம் நாள் கன்சாஸ் நகரில், முகமூடியும் மேலாடையும் தரித்த நகைச்சுவை வீரனாகக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவிருந்த ஓவன் ஹார்ட் என்பவர், கட்டு விடுபட்டு வீழ்ந்து மாண்டார். அரங்கிலிருந்தோர் பலர் அதனையும் காட்சியின் ஒரு கூறென்றே முதலில் எண்ணினர். காட்சி நிறுத்தப்படவில்லை; அவர் இறந்த செய்தியும் அன்று அரங்கினர்க்கு அறிவிக்கப்படவில்லை. டெற்றோயிற் கூரையினின்று வீழ்ந்து நடந்து வந்த இராட்சதனைக் கண்டு நகைத்த சுவைஞனுக்கு, நான்கு ஆண்டுகள் கழியுமுன் மெய்யான வீழ்ச்சியொன்று காட்டப்பட்டது. பொய் வீழ்ச்சிக்கு விலையில்லை எனப் பழக்கப்பட்ட கண், மெய் வீழ்ச்சியையும் விலையற்றதாகக் கண்டமை எத்துணைக் கொடிது!

மற்றொன்றும் உண்டு. 1997 இல் மிஸ்டீரியோவோடு பொருத எடி குவெரேரோ, 2005 நவம்பர் 13 ஆம் நாள் இதயநோயால் இறந்தார், அகவை 38. அடுத்த ஆண்டிலேயே அவர் இறப்பு கதைப்பொருளாக்கப்பட்டது. இறந்தவர் நரகிலிருக்கின்றார் என மேடையில் நின்று ஒரு 'கொடியோன்' எள்ளுமாறு கதை வகுக்கப்பட்டது. கொடியோனை வெறுத்தல் அரங்கின் மரபு. ஆயின் அன்று சுவைஞர் பலர் வெறுத்தது வேடத்தை அன்று. அதனை எழுதுவித்த கையை. அழுகையின் நிலைக்களமாகிய இழவைக் கதைக்கு விலையாக்கியபோது, அவர்தம் உள்ளத்தில் எழுந்தது இளிவரலும் வெகுளியுமாகும். ஏமாந்தவன் இவ்வாறு வேறுபாடு காணான். விளையாட்டின் எல்லையை அறிந்தவனே அவ்வெல்லை கடக்கப்படும்போது முகந்திருப்புவான்.

இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணத்துச் சுவைஞன் பிறரினும் கூர்மையாக உணர்தல் இயல்பு. 2009 வரை நீடித்த போரில் இம்மண் கண்ட சாவுகள் கதைச் சாவுகள் அல்ல. போனவர் திரும்பி நடந்து வந்ததில்லை. அத்தகைய இல்லங்களில் வளர்ந்த பிள்ளை, பூசணி முகத்தையும் அட்டைக் கல்லறையையும் கண்டு சிரிப்பது நெஞ்சின் வன்மையால் அன்று. அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது என்பதை அவன் வீடு அவனுக்குக் கற்பித்துள்ளது. அவனை நோக்கி, 'பொய்யைப் பார்த்துக் கெடுகின்றாய்' எனக் கடிந்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் எளிது. ஆயினும் அது அவனிடமுள்ள அறிவை மதியாத செயலாகும். விளையாட்டு, உவகையின் நிலைக்களங்களுள் ஒன்றெனத் தொல்காப்பியரே வகுத்திருக்கின்றார். அதனைத் தடுப்பதினும், அதன் எல்லையைத் தெரிவிப்பதே கல்வி. மேடையிற் கண்ட பிடியை வகுப்பறையில் நண்பன் கழுத்தில் இடாதிருத்தற்கும், அப்பிடியின் பின்னுள்ள நீண்ட பயிற்சியையும் மெய்யான ஆபத்தையும் அறிந்திருப்பதே உறுதியான காவலாகும்.

ஹலோவீன் விழா அலங்காரத்தால் அச்சுறுத்த முயன்று நகைக்கு ஆளாயிற்று. உடலின் கல்வியை நம்பியபோது மருட்கையும் பெருமிதமும் எய்தியது. உடலுக்குரியவனை மறந்தபோது இளிவரலுக்கு இலக்காயிற்று. இம்மூன்றையும் பிரித்தறியும் அளவே மல்லரங்கச் சுவைஞனின் தகுதி. ஆமூரிற் கூடியோர் வெற்றி இன்னார்க்கென்று இருவகையாக வாதிட்டனர். நக்கண்ணையார் அவ்வாதத்திற் கலந்துகொண்டிலர்; பனையைப் பொருந்தி நின்று தம் கண்ணாற் கண்டார்; கண்டதைக் கூறினார். பனைகள் நிறைந்த இந்நாட்டில், அங்ஙனம் நின்று காணும் கண்களை வளர்த்தல் கல்லூரிகளின் கடனாகும்.