சினத்துக்கு அப்பால்: அமெரிக்கக் கறுப்பின ஆடவரின் அந்தரங்க இலக்கியம்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரின் நூலொன்றைக் கையிலெடுக்கும் வாசகர், அடிமைத்தளையையும் அதன் பின்வந்த நிறபேதக் கொடுமையையும் எதிர்த்து எழுந்த ஆவேசக் குரலையே அதில் எதிர்பார்ப்பது வழக்கம். அக்குரல் அங்கே ஒலிக்கிறது என்பதில் ஐயமில்லை; ஆயினும் அதைக் கேட்ட திருப்தியோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர், அந்த ஆடவர்கள் தம் தந்தையரைப் பற்றியும், தம் பயத்தையும் வெட்கத்தையும் பாசத்தையும் பற்றியும் எழுதிவைத்த பக்கங்களைப் பாராமலே போய்விடுகிறார். என் அபிப்பிராயத்தில் அம்மரபின் உயிர்நிலை அப்பக்கங்களில்தான் இருக்கிறது.

1845-இல் வெளிவந்த பிரெடரிக் டக்ளஸின் சுயசரிதையிலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் பன்னிரண்டு மைல் நடந்து வந்து, மகனருகே சற்றே படுத்திருந்து, அவன் விழிக்குமுன் திரும்பிவிட்ட அந்தத் தாயை அவர் தம் வாழ்நாளில் நான்கைந்து முறைக்குமேல் கண்டதில்லை. அவள் இறந்த செய்தி வந்தபோது, யாரோ ஓர் அந்நியர் இறந்ததைப் போலவே அது தமக்கு இருந்ததென்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். சாட்டையடிகளை வருணிக்கும் அத்தியாயங்களைக் காட்டிலும், பெற்ற தாய்க்காகத் துக்கப்படும் சக்தியையே ஒரு சிறுவனிடமிருந்து அடிமை முறை பறித்துவிட்டதென்ற இந்த ஒப்புதல் என்னை அதிகமாகக் கலக்குகிறது.

அடுத்த தலைமுறையின் பால் லாரன்ஸ் டன்பார், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1872-இல் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்து, லிப்டு இயக்கிப் பிழைத்துக்கொண்டே கவிதை எழுதியவர். சிரித்த முகத்தை முகமூடியாக அணிந்து உள்ளே அழும் ஒரு ஜனசமூகத்தைப் பாடிய அவரிடம், வெள்ளை வாசகர்கள் வேடிக்கையான வட்டார வழக்குப் பாடல்களையே மீண்டும் மீண்டும் கேட்டார்கள். 33 வயதில் அவர் மறைந்தார்.

ரிச்சர்டு ரைட்டின் "நேட்டிவ் சன்" 1940-இல் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அதன் நாயகன் பிக்கர் தாமஸ் பயத்தாலும் வெறுப்பாலும் கொலை செய்பவன். அவனுடைய நெஞ்சில் வேறெதற்கும் ஆசிரியர் இடம் வைக்கவில்லை. கண்டன நாவல் மனிதனைச் சுருக்கிவிடுகிறது என்று 1949-இல் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதியது, தமக்கு முன்பு உதவி செய்த ரைட்டின் நட்பை முறித்தது. விமரிசனம் என்ற அளவில் அது சரியானதே. ஆனால் அதே ரைட் 1945-இல் வெளியிட்ட "பிளாக் பாய்" என்ற சுயசரிதை வேறு ரகம். தம் குடும்பத்தைக் கைவிட்டுப்போன தந்தையைக் கால் நூற்றாண்டுக்குப் பின், மிஸிஸிப்பியின் செம்மண் நிலத்தில் வாரக் குடியானவனாக, தளர்ந்த கிழவனாகக் காணும்போது, பகைமையும் இரக்கமும் ஒன்றையொன்று வெல்லமுடியாமல் நிற்கும் அந்தச் சில பக்கங்களுக்கு முழு "நேட்டிவ் சன்"னும் ஈடாகாது.

பால்ட்வினும் தந்தையிடமிருந்தே தொடங்குகிறார். அவரை வளர்த்த தந்தை, கசப்பு மிகுந்த ஒரு பிரசங்கி, 1943 ஜூலை 29-இல் இறந்தார். அன்றே அவருடைய கடைசிக் குழந்தை பிறந்தது. அடக்கச் சடங்கு நடந்த நாள் பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாள். அன்றிரவு ஹார்லெமில் கலவரம் மூண்டு, மறுநாள் உடைந்த கண்ணாடிச் சில்லுகளினூடே பிரேதம் மயானத்துக்குப் போயிற்று. இத்தனை தற்செயல்களை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம். இந்நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதி 1955-இல் நூலில் சேர்த்த கட்டுரையில் பால்ட்வின் இவற்றை அலங்காரமாக்காமல், எந்த வெறுப்பு தந்தையைத் தின்றதோ அதே வெறுப்பு தம்முள்ளும் குடியேறியிருப்பதைக் கண்டு அஞ்சுகிறார். தம் மனப்போக்கைத் தாமே விசாரிக்கும் இந்தத் துணிவு பிற்காலத்துப் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

ராபர்ட் ஹேடன் இவர்களினும் அடங்கிய குரலினர். 1913-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்து, அயலார் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக, சண்டையும் சச்சரவும் நிறைந்த சூழலில் வளர்ந்தவர். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடியுமுன் எழுந்து, வெடித்த கைகளால் அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்கிய தந்தையைப் பற்றி அவர் எழுதிய பதினான்கு வரிக் கவிதையில், நன்றி சொல்லத் தெரியாத மகனின் பிற்கால வருத்தம் முழுதும் அடங்கியிருக்கிறது. இனத்தைக் குறித்த ஒரு சொல்கூட அதில் இல்லை. 1966-இல் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் கூடிய இளைஞர்கள், தம்மை முதலில் கவிஞராகவே கருதிய அவரை வன்மையாகக் கண்டித்தார்கள். இனப் போராட்டத்தின் அவசரம் அவர்களுடையது. ஆனால் அவர்கள் வேண்டிய முழக்கங்களில் பல மறைந்துபோக, அந்தத் தந்தை மட்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டார்.

சிறைக்குள்ளிருந்து வந்த குரல் ஈதரிட்ஜ் நைட்டினுடையது. கொரியப் போரில் காயமுற்று, போதைப்பழக்கத்துக்கு அடிமையாகி, திருட்டுக் குற்றத்துக்காக இண்டியானா சிறையில் அடைபட்ட அவருடைய முதல் தொகுதி 1968-இல் வந்தது. சிறையறைச் சுவரில் ஒட்டியிருக்கும் உறவினர்களின் 47 படங்களைப் பார்த்தபடி படுத்திருக்கும் மனிதன் தன் குலத்தை எண்ணுவது அதில் ஒரு கவிதை. ஆணை ஆண் நேசிக்கும் அந்தரங்கத்தை எழுதியவர்களையும் இங்கே குறிப்பிடவேண்டும்: ஜோசப் பீம் 1986-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டு, அடுத்ததைத் தொடங்கி, 1988-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார், எஸெக்ஸ் ஹெம்ப்ஹில் 1991-இல் அதை முடித்து வெளியிட்டு, 1995-இல் அதே நோய்க்குப் பலியானார்.

ஆடவரின் நெஞ்சை மிக ஆழமாக ஊடுருவியவர் ஒரு பெண் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டோனி மாரிஸனின் "பிலவ்டு" நாவலில் வரும் பால் டி, பட்ட அவமானங்களையெல்லாம் நெஞ்சிலிருக்கும் துருப்பிடித்த புகையிலை டப்பாவுக்குள் அடைத்து மூடிவைத்திருப்பவன். அந்த மூடி திறக்கும் கட்டத்துக்கு இணையாக ஆடவர் எவரும் எழுதியதை நான் படித்ததில்லை.

நம் காலத்தவரில் ராஸ் கே, 2015-இல் வெளியான தொகுதியில், இறந்த தந்தையின் சாம்பலைப் பிளம் கன்றுகளின் வேருக்கு உரமாக இட்டதைச் சிரிப்போடு பாடுகிறார். கீயெஸே லேமனின் "ஹெவி" (2018) தாயை நோக்கி எழுதியது: தாம் பருத்ததையும் பட்டினி கிடந்து மெலிந்ததையும், அவள் கையால் அடிபட்டதையும், சூதாட்டத்தில் இழந்ததையும் ஒன்றுவிடாமல் அவளிடமே சொல்கிறார். இதை நான் பால்ட்வின், ஹேடன் ஆகியோரின் வரிசையிலேயே வைப்பேன். எனினும் சற்று எட்டத்தில். ஹேடன் சொல்லாமல் விட்டதனால் பெற்ற வலிமையை, எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க விரும்பும் இந்நூல் சில இடங்களில் இழந்துவிடுகிறது.