கல்லில் இல்லாத சூழ்ச்சிக்காரி

சரித்திர மர்ம நாவல் எழுத நினைக்கும் மாணவிகள் சிலர் என்னிடம் வழி கேட்பதுண்டு. சோழர் காலம்தான் வேண்டும் என்பார்கள். கையில் 'பொன்னியின் செல்வன்' இருக்கும். முதலில் உடையார்குடிக் கல்வெட்டைப் படியுங்கள், பிறகு நந்தினியைப் பற்றிப் பேசலாம் என்பேன்.

காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 987. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களைச் சார்ந்தவர்களின் உடைமைகளைப் பறிமுதல் செய்யும் அரச ஆணை அது. கொன்றவர்கள் யார் என்று சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. மர்ம நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1950இல் தொடராகத் தொடங்கிய கல்கியின் நாவல் அந்த வெற்றிடத்தில்தான் நிற்கிறது. நீலகண்ட சாஸ்திரியின் சந்தேகம் உத்தம சோழன் மீது விழுந்தது. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எப்படியிருந்தாலும் அது அரியணை பற்றிய, ஆண்களுக்கிடையிலான கேள்வி. நாவல் என்ன செய்கிறது? ஆள்மாறாட்டம் ஒன்றைப் புனைந்து, சேந்தன் அமுதனை உத்தம சோழனாக்கி அந்த அரசனைக் கறையிலிருந்து விடுவிக்கிறது. கொலைக்கான வன்மம் நந்தினியிடம் போய்ச் சேர்கிறது. பழுவேட்டரையர்களுக்குக் கல்வெட்டு உண்டு; ரவிதாசனுக்கும் உண்டு. நந்தினிக்கு மட்டும் இல்லை. சான்று உள்ள ஆண்களை இயக்குவதற்குச் சான்றே இல்லாத ஓர் அழகி தேவைப்பட்டிருக்கிறாள்.

கல்கி நந்தினியை எளிய வில்லியாக எழுதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. கொலை யார் கையால் நடந்தது என்பதையும் அவர் தெளிவாக்காமலே விட்டார். நாவலில் மறக்க முடியாத பாத்திரம் அவள்தான். என் குறை அவள் படைக்கப்பட்டதில் இல்லை. அவளுக்குப் பின் வந்த எத்தனையோ சரித்திரக் கதைகள் அவளையே ஆராய்ச்சிக்குப் பதிலாக வைத்துக்கொண்டன. கோட்டை, சுரங்கம், ஒற்றன், பிறகு ஒரு மோகினி. பெண் என்றால் தேட வேண்டியதில்லை, கற்பனையே போதும் என்ற பழக்கம் வந்துவிட்டது.

தேடினால் பெண்கள் இருக்கிறார்கள். அதே உடையார்குடி ஆணையை மறுபடி படியுங்கள். யாருடைய சொத்தெல்லாம் போகிறது? துரோகிகளுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள். இந்த உறவு ஒவ்வொன்றும் ஒரு பெண் வழியாகவே போகிறது. அந்த வரிசையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. தண்டனை மட்டும் அவர்கள் வழியே நடந்து வீடு வீடாகப் போயிருக்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அண்ணன் செய்ததற்காகக் கணவனின் நிலம் பறிபோன ஒருத்தி அன்று மாலை அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பாள்? இந்தக் கேள்வியில் ஒரு நாவல் இருக்கிறது. அதை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோவிலுக்கும் போங்கள். ஏறத்தாழ நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோவிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதெல்லாம் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் பங்கு. ஊரை விட்டுக் கொண்டுவரப்பட்டார்களா, விரும்பி வந்தார்களா? கல் பேசவில்லை. ஆனால் முகவரி தருகிறது. அரண்மனைச் செய்தி அறிந்த, கோவில் கணக்கு அறிந்த ஒருத்தியை அந்தத் தெருவில் நிறுத்திப் பாருங்கள். கதை தானாக நகரும்.

சான்று இல்லாத இடத்தில் கற்பனை செய்வது நாவலாசிரியையின் உரிமை. சான்று இருக்கும் இடத்தில் பெண்ணைத் தாண்டிப் போவது உரிமை அல்ல, சோம்பல். மாணவிகளே, அடுத்த முறை ஒரு சூழ்ச்சிக்காரியை எழுதப் பேனா எடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவள் மீது யாருடைய குற்றத்தை ஏற்றுகிறேன்?