பாஞ்சாலங்குறிச்சிப் பிடில்

தூத்துக்குடியில் ஒருவரை அண்ணாச்சி என்று கூப்பிட உறவு எதுவும் வேண்டியதில்லை. வயதில் மூத்தவராக இருந்தால் போதும். எனக்கு அப்படி ஓர் அண்ணாச்சி இருக்கிறார். அவருடைய தகப்பனார் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அந்தப் பெட்டி இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. துருத்தியை எலி கடித்துவிட்டது என்பது வேறு சங்கதி.

ஒரு மழைக்காலச் சாயங்காலத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்துக்கொண்டிருந்தோம். 1959-இல் வந்த படம். எத்தனையாவது தடவை பார்க்கிறோம் என்று இருவருக்கும் கணக்கில்லை. நிலவில் காதலர் இருவர் பாடுகிறார்கள். பின்னால் பிடில்கள் கூட்டமாக எழுகின்றன. அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அந்தக் காலத்துலே பாஞ்சாலங்குறிச்சிக்கு இத்தனை பிடில் எங்கேயிருந்து வந்துது? எட்டயபுரத்துக்காரன் இரவல் கொடுத்தானோ?"

கேலிதான். ஆனால் அவர் அறியாமலே அதற்குள் கொஞ்சம் சரித்திரமும் இருந்தது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் சென்னைக்குப் பக்கத்து மணலியில் பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டார். பிற்பாடு அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகி, பிடிலோடு எங்கள் சீமைக்கே வந்து சேர்ந்தார். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். ஆகவே பிடில் வந்தது வாஸ்தவம்; பகையாளி வீட்டுக்கு வந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் குற்றங்களை நான் பெரிதாக எண்ணுவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசிய குடும்பத்துக் கட்டபொம்மனை அடுக்குத் தமிழில் வசனம் பேசவிட்டு ரசித்த நாம், பிடிலைக் கண்டதும் மட்டும் முகம் சுளிப்பது நியாயமா? 1799-ஐக் காதால் கேட்டவர் யாரும் நம்மிடையே இல்லை. தொலைவு கலைஞனுக்குக் கொடுக்கும் சலுகை அது. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் எடுத்த 'பாரி லிண்டன்' பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. அதில் ஷூபர்ட் 1827-இல் எழுதிய சங்கீதத்தைத் தெரிந்தே சேர்த்தார். படம் கெட்டுப் போய்விடவில்லை. ஜி. ராமநாதனும் கட்டபொம்மனுக்குச் செய்த இசைக்காக 1960-இல் கெய்ரோ விழாவில் பரிசு வாங்கினார். வாங்க வேண்டியதுதான்.

என் வழக்கு அதே ராமநாதன் இசையமைத்து, அதே பந்துலு டைரக்ட் செய்து, 1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழ'னோடு. அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காமல் நான் எழுந்ததில்லை, அதனால்தான் வழக்கு.

இங்கே தொலைவு என்ற சலுகை இல்லை. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906-இல். கோரல் மில் வேலைநிறுத்தம் 1908-இல். வ.உ.சி. இதே தூத்துக்குடியில் 1936 வரை உயிரோடு இருந்தவர். படம் எடுத்த நாளில் அவர் பேச்சைக் கேட்ட கிழவர்கள் எங்கள் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்துச் சங்கீதம் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டிருக்கலாம்.

அவ்வளவு தூரம்கூட வந்திருக்க வேண்டாம். படத்தில் சுப்பிரமணிய சிவாவாக வருபவர் டி.கே. சண்முகம். 1918-இல் சிறு பையனாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்து, அவரிடமே பாடம் கற்றவர். சுவாமிகளோ தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அந்த யுகத்தின் மேடைப் பாட்டு, சண்முகத்தின் தொண்டையில் சேமித்து வைத்த பண்டம் போல் இருந்தது. அவருடைய முகத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்ட படம், பாட்டுக்குப் பின்னணிப் பாடகர்களைத் தேடிப் போயிற்று. ராமநாதனும் தெரியாதவரல்ல, தமையனாரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர்.

மெட்டு மாறினால் என்ன, பாட்டு பாரதியுடையதுதானே என்று சிலர் கேட்கலாம். பாரதி தம் அரசியல் பாட்டுகள் சிலவற்றுக்கு மெட்டையும் தாமே குறித்து வைத்தார். சுயராஜ்யம் வேண்டும் என்ற இந்தியனை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் அதட்டுவதாக ஒரு பாட்டு. அதற்கு அவர் எடுத்தாண்ட வர்ணமெட்டு கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்திலிருந்து. சிதம்பரம் போக வேண்டும் என்ற நந்தனை ஆண்டை அதட்டுகிற பாட்டு. அன்றைக்கு நந்தன் கதை கேட்காத ஊர் இல்லை. வெள்ளைக்காரன் ஆண்டையின் குரலில் அதட்டினால் கேட்டவர்களுக்குச் சிரிப்பும் வந்திருக்கும், கோபமும் வந்திருக்கும். சிலருக்கு நம் வீட்டு ஆண்டைகளின் ஞாபகமும் சுருக்கென்று வந்திருக்கும். அந்தக் குத்து மெட்டில்தான் இருக்கிறது. வேறு மெட்டில் பாடினால் வெறும் தேசபக்திதான் மிஞ்சும்.

பாரதிக்கே ஆர்மோனியம் பிடிக்காது, 'சங்கீத விஷய'த்தில் கடிந்து எழுதியிருக்கிறார் என்பது உண்மை. பிடிக்காவிட்டாலும் அவர் காலத்துத் தெருவில் ஒலித்தது அதுதான். கப்பல்காரர் கதையில் கடலின் பாட்டையாவது கேட்கலாம் என்றால், வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு என் காதில் விழவேயில்லை. அரசாங்கம் எங்கள் கடலில் நடத்திய கடைசி முத்துக்குளிப்பும் அந்த 1961-இல்தான். படகும் பாட்டும் எதிரே இருந்தன.

நாடக மெட்டில் பாடியிருந்தால் ஜனங்கள் கொட்டகையை விட்டு எழுந்து போயிருப்பார்கள் என்று சினிமாக்காரர்கள் சொல்லக்கூடும். எல்லாப் பாட்டும் வேண்டாம், ஒன்றே ஒன்று? ராமநாதனின் மெட்டுகள் மட்டமாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை, காலம் அவற்றை மறந்திருக்கும். அவை மிகவும் நன்றாக இருந்துவிட்டன. வேறு மெட்டு இருந்தது என்ற நினைப்பையே துடைத்துவிட்டன.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பரணை அண்ணாந்து பார்த்தார். தம் தகப்பனார் நாடக மேடையில் பாரதி பாட்டு ஒன்றை வாசிப்பாராம், பையனாக இருந்தபோது கேட்டதுண்டாம். தொடையில் தாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினார். முதல் அடி நான் இதுவரை கேட்டறியாத ஒன்று. இரண்டாவது அடியும் அப்படியே. மூன்றாவது அடியில் குரல் எனக்கு மிகவும் பழக்கமான பாதைக்குத் திரும்பிற்று. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"இது படத்துலே வர்றதுல்லா?" என்றார்.