கல்கியின் நாவல்களில் கைகூடாத காதல்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டுக் குடைவரை உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். பாறையைக் குடைந்த சிற்பியின் பெயர் அதில் இல்லை. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையிலும் பல்லவர் காலச் சிறு குடைவரை ஒன்று உண்டு. அதைச் செதுக்கியவர் யாரென்றும் நமக்குத் தெரியாது.

பெயர் தெரியாத இந்தச் சிற்பிகளின் இடத்தில்தான் கல்கி ஆயனரையும் அவர் மகள் சிவகாமியையும் படைத்தார். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' நாவலில் மாமல்லனும் சிவகாமியும் காதலிக்கிறார்கள். சாளுக்கியரால் சிறைப்பட்ட சிவகாமி, வாதாபி எரிந்த பிறகே அங்கிருந்து வெளியேறுவேன் என்று சபதம் செய்கிறாள். வரலாற்றில் வாதாபி 642-இல் வீழ்ந்தது. நாவலில் அதற்குள் மாமல்லனுக்குப் பாண்டிய இளவரசியோடு மணமாகிவிடுகிறது. ஊர் திரும்பிய சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணிக்கிறாள். ஆயிரம் பக்கம் காத்திருந்தது இதற்குத்தானா என்று இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்காத வாசகர் குறைவு.

'வரலாறு அப்படி, கல்கி என்ன செய்வார்?' என்பது வழக்கமான சமாதானம். இது பாதிதான் உண்மை. மாமல்லனின் மகள் குந்தவியை நாயகியாகக் கொண்ட 'பார்த்திபன் கனவு' முன்பே வெளிவந்துவிட்டது. ஆகவே கல்கியின் கையைக் கட்டியது கல்வெட்டைவிட அவருடைய சொந்த நாவல்தான். 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் குந்தவையை மணந்தாக வேண்டும். தஞ்சைக் கல்வெட்டு அவரை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்கிறது. ஆனால் பூங்குழலி? இராசராசனுக்குப் பல தேவியர் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவன்மீது ஆசை வைத்த ஓடக்காரப் பெண்ணுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதே சமயம், பூங்குழலியை ஒருதலையாகக் காதலித்த சேந்தன் அமுதனுக்கு அவளும் கிடைக்கிறாள், உத்தம சோழனின் அரியணையும் கிடைக்கிறது. உத்தம சோழனின் தேவியரையும் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. அவர்களிடையே கற்பனைப் பெண் ஒருத்தியைச் சேர்க்க வரலாறு கல்கியைத் தடுக்கவில்லை. ஆணின் ஒருதலைக் காதல் நிறைவேறுகிறது. பெண்ணின் காதல் தியாகமாகிவிடுகிறது.

இதற்கு வேர் பழைய இலக்கியத்தில் இருக்கிறது. முத்தொள்ளாயிரத்தில் பெண்கள் உலா வரும் வேந்தனைக் கண்டு ஏங்குகிறார்கள். உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரும் அப்படியே ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் தலைவனின் பெருமைக்குச் சான்று. அதன் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று உலா சொல்வதில்லை; வாசகரும் கேட்பதில்லை. நாவலில் கேட்கிறோம். ஏனென்றால் நாவல் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் வீடும் மனமும் கொடுத்துவிட்டது.

கடம்பூர் மணிமேகலையின் முடிவு உறுத்துவது இதனால்தான். அண்ணன் கந்தமாறன் சொன்ன புகழ்மொழிகளைக் கேட்டே வந்தியத்தேவனை நேசித்தவள், அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையும் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். கடைசியில் அவன் மடியில் உயிர் விடுகிறாள். அவளுடைய மரணம் வந்தியத்தேவனின் மனத்தைப் பண்படுத்த உதவுகிறது; அவளுக்கென்று அதில் எதுவும் இல்லை. அவள் உலாவில் வரும் பெண்ணாகவே முடிகிறாள்.

சிவகாமி அப்படியல்ல. அவளுடையது ஒருதலைக் காதலும் அல்ல. அவளை ஒருதலையாக விரும்பியவர் நாகநந்தி. அவளுடைய இழப்புக்கு அவளுடைய சபதமும் பிடிவாதமும் காரணங்கள். மகேந்திரரின் அரசியல் கணக்கு இன்னொரு காரணம். வாசகருக்குக் கோபம் வந்தாலும் காரணம் புரிகிறது. கடைசியில் எஞ்சும் நடனமும் அவளுடையதே.

ஆகவே சரித்திர நாவலைப் படிக்கும் மாணவர்கள் காதல் கைகூடியதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. கைகூடாதபோது அந்தப் பாத்திரத்திடம் என்ன மிஞ்சியது என்றும் பார்க்க வேண்டும். சிற்பியின் பெயரைக் கல்வெட்டு விட்டுவிட்டதில் வியப்பில்லை. அது அரசனுக்காக வெட்டப்பட்டது. நாவல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மணிமேகலை போன்றவர்களின் முடிவே காட்டிக்கொடுக்கிறது.