செய்தித்தாள்கள் சொல்லாத செய்தி

‘2024 ஒய்ஆர்4’ என்ற குறுங்கோளைப் பற்றி 2025 பிப்ரவரியில் பத்திரிகைகளில் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் கூடுவதாக எழுதினார்கள். பிப்ரவரி 18-இல் நாசா கணித்த வாய்ப்பு 3.1 சதவீதம். ஆறே நாட்களில் அது 0.004 சதவீதமாகிவிட்டது. முதற்கணக்கு தவறா என்று கேட்கத் தோன்றும்.

தவறு அல்ல. சில நாள் அளவீட்டைக் கொண்டு 2032-இல் குறுங்கோள் இருக்கும் இடத்தைக் கணித்தால், கிடைப்பது ஒரு புள்ளியன்று, நீண்ட பட்டை. அளவீடு சேரச் சேரப் பட்டை சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை, பட்டையில் பூமியின் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டை பூமியைவிட்டு விலகியதும் வாய்ப்பு சடாரென வீழும். இதை விளக்காமல் எண்ணை மட்டும் அச்சிட்டது முதற் குறை.

‘நகரத்தை அழிக்கும் கல்’ என்ற தலைப்பு இரண்டாவது குறை. தரைத் தொலைநோக்கிகள் தந்த விட்டம் 40 முதல் 90 மீட்டர். எடை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எனவே இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே எடையில் 11 மடங்கு வேறுபாடு! இருட்டில் டார்ச் அடித்தால் சிறு சுண்ணாம்புக்கல்லும் பெரிய கரிக்கட்டியும் ஒரே அளவு ஒளியைத் திருப்பக்கூடும். வெப்பத்தை அளந்தால்தான் உண்மை அளவு புலப்படும். 2025 மார்ச் 26-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்களில் அளந்து, விட்டம் ஏறத்தாழ 60 மீட்டர் என்று காட்டியது. தலைப்புகள் அதற்குள் மறக்கப்பட்டுவிட்டன.

பெரிய குறை வேறு. அந்தக் குறுங்கோள் பூமியை மிக அருகில் கடந்தது 2024 டிசம்பர் 25-இல். சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது டிசம்பர் 27-இல்! சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் தரையிலிருந்து காண இயலவில்லை. 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த கல்லும் அத்திசையில்தான் வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் திட்டமிட்டுள்ள ‘நியோமிர்’ தொலைநோக்கி விண்ணில் இருந்திருந்தால், ஒரு மாதம் முன்பே இதைக் கண்டிருக்கும் என்கிறது அந்நிறுவனத்தின் கணக்கு. மக்கள் அறியவேண்டிய செய்தி இதுவே.

வீண் பீதி இருமுறை கிளப்பப்பட்டால் மூன்றாவது முறை வரும் உண்மையான எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த முறை இத்தகைய செய்தியைக் காணும்போது, எத்தனை நாள் அளவீடு, விட்டம் எப்படி அளக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். விடை இல்லையெனில் செய்தி அரைகுறையே.