நின்றால்தான் வம்பு

ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெலில் நடக்கும் ஹானென்காம் டவுன்ஹில் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பார்ப்பவர்களின் கண் மவுசஃபாலே சரிவில்தான் இருக்கும். 85 சதவீதச் சாய்வு. வீரர் அந்தரத்தில் பறந்து போய் விழுவார். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யம், அதற்குச் சற்று முன் மேலே தொடக்கக் குடிலில் நடப்பது. வீரர் தொடையைத் தட்டிக்கொள்வார், மூச்சை இழுத்து ஊதுவார், மேலங்கியைக் கழற்றிக் கொடுப்பார். பலர் காகிள்ஸைக் கண்ணுக்கு இறக்குவது ஏறக்குறைய கடைசி வேலையாக இருக்கும். சும்மா இல்லை. லென்ஸில் ஆவி படர்வதற்கு இதைவிட வாய்ப்பான நேரம் வேறு கிடையாது.

அந்தப் பந்தயத்தின் ஸ்ட்ரைஃப் ஓடுபாதை 3,312 மீட்டர். 1997இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபல் அதை 1 நிமிடம் 51.58 விநாடிகளில் இறங்கினார். விநாடிக்குக் கிட்டத்தட்ட 30 மீட்டர். அந்த ஓட்டத்தில் கையை உயர்த்தி லென்ஸைத் துடைக்க முடியாது. துடைக்க வேண்டியும் பெரும்பாலும் வராது. சட்டத்தின் காற்றுத்துளைகள் வழியே புகும் வறண்ட குளிர்காற்று உள்ளே இருக்கும் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். ஓடுகிறவருக்குத் தெளிவு, நிற்கிறவருக்கு மூட்டம் என்பதுதான் இந்தச் சிக்கலின் அடிப்படை. கண்ணாடியைக் குறை சொல்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 10இல் அதே காற்றால் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். வியர்த்த முகத்தை ஒட்டிய ஈரக்காற்று சில்லிட்ட லென்ஸைத் தொட்டதும், மிச்சம் முழுவதும் துளித்துளியாக அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் முகக்கவசத்தோடு மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதற்கு உருப்படியான தீர்வு கண்டவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவில் பற்களைச் சீரமைத்துக்கொண்டிருந்த பாப் ஸ்மித், புதுப்பனியில் சறுக்குவதில் பித்துக்கொண்டவர். 1965 வாக்கில் அவர் உருவாக்கிய காகிள்ஸில் இரண்டு லென்ஸ்கள். நடுவே அடைபட்ட காற்று. வெளி லென்ஸ் உறைந்தாலும் உள் லென்ஸ் அவ்வளவாகக் குளிராது. காற்று மட்டும் போய்வர, பனித்தூள் புகாதபடி துளைகளில் ஃபோம் பட்டை. இன்றுவரை கடையில் விற்கும் நல்ல காகிள்ஸ் அத்தனையும் இந்த அமைப்பின் வாரிசுகள்தான். பேட்டரி விசிறி வைத்தவை, மின்சாரத்தால் சூடாக்குபவை எல்லாம் பிறகு வந்தன. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் எனக்கு அவற்றில் பெரிய மோகம் இல்லை.

கருவி இவ்வளவு தேறிய பிறகும் சரிவுகளில் பாதிப்பேர் ஏன் குருடர்களைப் போல நிற்கிறார்கள்? காஷ்மீரின் குல்மர்க்கை எடுத்துக்கொள்வோம். கோண்டோலா ரோப்கார் பெட்டிக்குள் ஆறு பேரின் மூச்சு. அஃபர்வத் நிலையத்தில் இறங்கினால் 3,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக் குளிர். அங்கிருந்து பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு முகட்டை நோக்கி நடை. மூச்சு வாங்கும், வியர்வை வழியும். அப்போது காகிள்ஸை நெற்றியிலோ தொப்பிமேலோ ஏற்றிவிடுவார்கள். தலையிலிருந்து கிளம்பும் வியர்வை ஆவி முழுவதும் நேரே ஃபோமுக்குள் இறங்கும். ஃபோம் ஒருமுறை நனைந்துவிட்டால் அன்றைக்கு அது எளிதில் காயாது. ஸ்னோபோர்டுக்காரருக்குப் பாடு இன்னும் அதிகம்: ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் பனியில் உட்கார்ந்து குனிந்து காலைப் பூட்டுகிறார், விட்ட மூச்சு மேலே வருகிறது. விழுந்து எழுந்தால் மேல் துளைகளைப் பனி அடைத்துவிடும்.

ஆகவே ஏறும்போது ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து, வியர்க்காத வேகத்தில் ஏறுவதுதான் முதல் வைத்தியம். காகிள்ஸைக் கழற்றுவதானால் முழுதாகக் கழற்றி, துணிப்பையில் போட்டு, வியர்வை படாத பையில் வைக்க வேண்டும். கழுத்துத் துணியின் விளிம்பைக் காகிள்ஸுக்குள் செருகவே கூடாது. செருகினால் மூச்சுக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்தது போலாகும். ஹெல்மெட்டின் முன்விளிம்பு மேல் துளைகளை மூடுகிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கிவிட்டுப் பொருந்தாத ஹெல்மெட் போடுவது வீண்செலவு.

ஆவி படர்ந்தே விட்டதா? விரல் அரிக்கும், ஆனாலும் உள்பக்கம் துடைக்க வேண்டாம். உள் லென்ஸில் நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பும் பூச்சு ஒன்று உண்டு. ஈரமாக இருக்கும்போது அது மிக மென்மையாகிவிடும். கையுறையால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும், பிறகு அந்த இடம் எப்போதும் மங்கும். தண்ணீரை உதறிவிட்டு, காற்றுப்பட மெதுவாகச் சறுக்கினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். புகுந்த பனித்தூளையும் தட்டித்தான் எடுக்க வேண்டும். தெளியாவிட்டால் மாற்று லென்ஸ். காந்தத்தால் ஒட்டும் லென்ஸ்கள் வந்த பிறகு, லிஃப்டில் உட்கார்ந்தபடியே மாற்றிவிடலாம். நழுவவிட்டால் பள்ளத்தாக்குக்குத்தான் போகும், அது வேறு கதை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு ஆவி படர இரண்டு இடம். அதற்கென ஆழமான சட்டத்தோடு வரும் காகிள்ஸ் ஓரளவு கைகொடுக்கும். கண்ணுக்கு ஒத்துக்கொண்டால் கான்டாக்ட் லென்ஸ் அதைவிட மேல்.