தியான் சந்தா, பல்பீரா? ஒரு கோல் கணக்கு

சென்னை எழும்பூரில் நடக்கும் எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பை ஹாக்கிப் போட்டி 1901இல் தொடங்கியது. அதன் பெயரோடு இன்று சேர்ந்திருக்கும் முருகப்பா குழுமம், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூரிலிருந்து கிளம்பிய குடும்பத்தினுடையது. இதைத் தாண்டி ஹாக்கியில் செட்டிநாட்டுக்காரர்கள் உரிமை கொண்டாடினால் கோவில்பட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். கணக்குப் பார்ப்பதில் மட்டும் எங்களை யாரும் அப்படிச் சிரித்துவிட முடியாது. அந்தத் துணிச்சலில்தான் ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்கிறேன். 1928 முதல் 1956 வரை இந்திய ஹாக்கி அணியில் ஆடிய முன்கள வீரர்களில், கோலடிப்பதில் மிகப் பெரியவர் யார்?

எங்கள் செட்டிநாட்டுக்காரர்கள் ரங்கூன், மாண்டலேயில் வைத்திருந்த வட்டிக்கடைக் கிட்டங்கிகளின் பேரேடுகளில் 1941 வரை எழுதியிருந்த தொகைகளை எடுத்துக் கூட்டினால் இந்த வட்டாரமே இன்னொரு பம்பாயாக இருந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். ஏட்டில் நின்ற தொகை வேறு, ஊருக்கு வந்து சேர்ந்த தொகை வேறு என்பது இங்கே பல வீடுகள் பட்டுத் தெரிந்துகொண்டது. கோல் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கூட்டாளியோடு வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், ஏடு ஒழுங்காக எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஒழுங்காக எழுதப்படவில்லை. தியான் சந்த் தம் வாழ்நாளில் அடித்த கோல்கள் 400க்கு மேல் என்று ஒரு கணக்கு. 185 ஆட்டங்களில் 570 என்று இன்னொரு கணக்கு. மேடைப் பேச்சில் அது 1,000 ஆகிவிடும். சுற்றுப்பயணங்களின் கணக்கு மட்டும் ஓரளவு திருத்தமாகக் கிடைக்கிறது. 1932 பயணத்தில் அணி அடித்த 338 கோல்களில் 133 அவருடையவை. 1935 நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தில் அணி 48 ஆட்டங்களில் 584 கோல் அடித்தது. அதில் 201 அவருடையவை. 584ஐ 48ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 12 கோல் வருகிறது. 12 கோல் வாங்கிக்கொள்ளும் எதிரணியை எந்தத் தரத்தில் வைப்பது? அந்த 201ஐ வியக்கலாம், ஆனால் தராசில் வைக்க முடியாது. ஆகவே பயணக் கணக்கு முழுவதையும் ஒதுக்குகிறேன். பல்பீர் சிங்குக்குச் சொல்லப்படும் 61 சர்வதேச ஆட்டங்கள், 246 கோல்கள் என்ற கணக்கையும் அதே நியாயத்தில் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது ஒலிம்பிக் மட்டுமே.

ஒலிம்பிக் ஏட்டிலும் அடித்தல் திருத்தல் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாமில் தியான் சந்த் 14 கோல் என்பது எல்லோரும் சொல்லும் எண். ஆட்டவாரியாகச் சொல்லப்படும் எண்களை எடுத்துக் கூட்டினால் சில கணக்குகளில் 13தான் வருகிறது. 1936 பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக அவர் 3 கோல் போட்டார் என்று ஒரு சாரார், 6 என்று மற்றொரு சாரார். உலகமே பார்த்த ஆட்டத்துக்கு இந்தக் கதி. மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து 37 என்றும் 39 என்றும் இரண்டு கூட்டுத்தொகைகள் உலவுகின்றன. சந்தேகத்தின் பலனைத் தியான் சந்துக்கே கொடுத்து, இரண்டு எண்களையும் வைத்துப் பார்க்கிறேன். தீர்ப்பு இரண்டுக்கும் மாறாமல் இருந்தால்தான் அது தீர்ப்பு.

(1930களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தமிழ்ப் பெற்றோருக்குப் புனேயின் கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை 2004 வரை ஆடினார். 339 ஆட்டங்கள் என்பது தெளிவாக இருக்கிறது. கோல்கள் மட்டும் 170 அல்லது அதற்கு மேல் என்ற தோராயம்தான். நம் ஹாக்கிக் கூட்டமைப்புக்கு அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.)

முதலில் ரூப் சிங்கை எடுத்துக்கொள்வோம், அவர் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். தியான் சந்தின் தம்பி. இன்சைடு லெஃப்ட் ஆட்டக்காரர். 1932 லாஸ் ஏஞ்சலஸில் 2 ஆட்டங்களில் 13 கோல், அண்ணனைவிட ஒன்று கூடுதல். ஆட்டத்துக்கு 6.5 என்ற சராசரியைப் பார்த்ததும் மயக்கம் வருகிறது. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தவை மொத்தம் மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்காவை இந்தியா 24-1 என்று அடித்த ஆட்டத்தில் ரூப் சிங் 10, தியான் சந்த் 8. அதே அமெரிக்காவை ஜப்பானும் 9-2 என்று அடித்திருந்தது. இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்கா வெண்கலம் வாங்கிக்கொண்டு போனது. ரூப் சிங்கின் 13இல் 10 கோல் இந்த ஓர் ஆட்டத்தில் வந்தது. ஜப்பானுக்கு எதிராக 11-1 என்று வென்றபோது அவர் 3, அண்ணன் 4. நேரில் பார்த்தவர்கள் ரூப் சிங்கின் கைத்திறனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நம்பலாம். எண்களை வைத்து மட்டும் அவரை முதலிடத்துக்குக் கொண்டுவர முடியாது.

இனி இரண்டு பேர்தான். இருவரும் சென்டர் ஃபார்வர்டு. இருவரும் மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். இவ்வளவு ஒத்துப்போகிற இருவர் அகப்படுவது அபூர்வம். ஒரு சின்ன எச்சரிக்கை: பல்பீர் சிங் என்ற பெயரில் இந்திய ஹாக்கியில் பலர் ஆடினார்கள்; 1968 அணியில் மட்டும் மூன்று பல்பீர் சிங்குகள். நான் சொல்வது மூத்தவரை, 1948, 1952, 1956இல் ஆடியவரை.

தியான் சந்த் 12 ஒலிம்பிக் ஆட்டங்களில் 37 அல்லது 39 கோல், ஆட்டத்துக்கு 3.08 அல்லது 3.25. பல்பீர் 8 ஆட்டங்களில் 22, ஆட்டத்துக்கு 2.75. இங்கே நிறுத்திக்கொண்டால் தியான் சந்த் ஜெயித்தார். பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

ஆளுக்கொரு கொழுத்த ஆட்டத்தைக் கழித்துப் பார்க்கலாம். தியான் சந்துக்கு அந்த அமெரிக்க ஆட்டம். பல்பீருக்கு 1956 மெல்போர்னில் ஆப்கானிஸ்தானை 14-0 என்று வென்று, அவர் 5 கோல் போட்ட ஆட்டம். கழித்தபின் தியான் சந்த் 2.64 அல்லது 2.82, பல்பீர் 2.43. இடைவெளி குறைகிறது, ஆனால் வரிசை மாறவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வரிசை மாறுவது அடுத்த கேள்வியில். அணி போட்ட கோலில் இவர் பங்கு எவ்வளவு? தியான் சந்த் ஆடிய 12 ஆட்டங்களில் இந்தியா போட்டது 102 கோல்: ஆம்ஸ்டர்டாமில் 29, லாஸ் ஏஞ்சலஸில் 35, பெர்லினில் 38. அதில் அவர் பங்கு 36 அல்லது 38 சதவீதம். பல்பீர் ஆடிய 8 ஆட்டங்களில் அணி போட்டது 42. அவர் பங்கு 52 சதவீதம். கொழுத்த ஆட்டங்களைக் கழித்தால் தியான் சந்த் 37 அல்லது 40. பல்பீர் 28இல் 17, அதாவது 61. சராசரியில் இருந்த இடைவெளி கடுகளவு, இது மலையளவு. 1952 ஹெல்சிங்கியில் இந்தியா மூன்று ஆட்டங்களில் மொத்தமாக அடித்தது 13 கோல். அதில் 9 பல்பீருடையது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பங்கு குறைவது ஆளின் குறையா, கூட்டாளிகளின் நிறைவா? பெர்லின் அணியில் ரூப் சிங், ஜாஃபர், தாரா என்று பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரும் கோலடிக்கத் தெரிந்தவர்கள். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்குத் தள்ளிவிட்டவர் தியான் சந்த் என்று அந்தக் காலத்தவர் எல்லோரும் சொல்கிறார்கள். தள்ளிவிட்ட பந்துக்கு ஏட்டில் பத்தி இல்லை. கனடாவின் பனி ஹாக்கியிலும் இதே தகராறு. என்.ஹெச்.எல். என்ற லீக் தொடங்கிய 1917-18 பருவத்தில் ஜோ மலோன் 20 ஆட்டங்களில் 44 கோல் போட்டார். 1944-45இல் மாரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டங்களில் 50 போட்டு அந்தச் சாதனையைத் தாண்டினார். மலோன் ஆடிய பருவத்தில் பந்துக்குப் பதிலான அந்தத் தட்டை முன்னால் இருக்கும் சக வீரருக்குக் கொடுக்கவே விதி இடம் தரவில்லை. கோலுக்கு உதவியவரின் பெயரை லீக் எழுதவும் இல்லை. ரிச்சர்டுக்கோ, எதிரணி ஆட்கள் பலர் போருக்குப் போய்விட்ட பருவம். அங்கே விவாதிப்பவர்கள் வெறும் 44ஐயும் 50ஐயும் எதிரெதிரே வைப்பதில்லை. பருவத்தின் மொத்தக் கோல் எவ்வளவு என்று பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்கிறார்கள். நாம் அந்த வேலையைச் செய்யவே இல்லை.

ஆகவே மறுப்பைப் பாதி ஏற்கிறேன். பங்குக் கணக்கு நல்ல அணியில் ஆடியவரைத் தண்டிக்கும். ஆனால் அதே நல்ல அணிதான் ஆட்டத்துக்கு 8.5 கோல் போடும் வாய்ப்பையும் அவருக்குத் தந்தது. 3.25 என்ற சராசரிக்கு அணியின் பலத்தை வரவு வைத்துக்கொண்டு, பங்கு குறைந்ததற்கும் அதே பலத்தைச் சாக்காகச் சொன்னால், ஒரே தொகையை இரண்டு இடத்தில் எழுதுவதாகும். எந்தக் கணக்குப்பிள்ளையும் அதை விடமாட்டார்.

எதிரணி யார் என்பது அடுத்தது. தியான் சந்த் ஆடிய மூன்று ஒலிம்பிக்கிலும் பிரிட்டன் ஹாக்கிக்கு அணி அனுப்பவில்லை. அந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர்களே வராத களம். அதற்குத் தியான் சந்த் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் ஏட்டில் அது இல்லை. பல்பீருக்கு 1948 வெம்ப்ளி இறுதியில் எதிரே நின்றது பிரிட்டன். சுதந்திரம் வந்து ஓராண்டு, அவர்கள் ஊர், அவர்கள் மைதானம். 4-0, முதல் இரண்டு கோலும் பல்பீர் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய 5 ஆட்டங்களில் அவரை இறக்கியது இரண்டில் மட்டும். அந்த இரண்டில் 8 கோல். ஹெல்சிங்கி அரையிறுதியில் மீண்டும் பிரிட்டன், 3-1, மூன்றும் அவர். இறுதியில் நெதர்லாந்து, 6-1, அதில் ஐந்து அவர்.

தியான் சந்தின் பக்கம் இதற்கு நிகராக நிற்பது பெர்லின் இறுதி ஒன்றுதான், அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒலிம்பிக் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்தது. தாராவை அவசரமாக ஊரிலிருந்து வரவழைத்தார்கள். இறுதி ஆட்டத்தின் முதல் பாதி முடிந்தபோது 1-0 தான். அங்கிருந்து 8-1க்கு இழுத்துக்கொண்டு போனதில் தலைவர் தியான் சந்தின் கை பெரிது, 3 ஆனாலும் 6 ஆனாலும். பலமான அணி எதிரே நின்றாலும் அவர் கோலடிப்பார் என்பதற்கு இது போதுமான சான்று. ஆனால் ஒரு சான்று. பல்பீருக்கு வெம்ப்ளியில் ஒன்று, ஹெல்சிங்கியில் இரண்டு.

பல்பீரின் ஏட்டிலும் ஓட்டை இருக்கிறது. 8 ஆட்டம் என்பது சிறிய கணக்கு. மெல்போர்னில் முதல் ஆட்டத்திலேயே விரல் முறிந்து, அரையிறுதியிலும் இறுதியிலும் வலியோடு இறங்கி ஒரு கோலும் போடவில்லை. பாகிஸ்தானுக்கு எதிரான அந்த 1-0 இறுதியில் வென்ற கோல் ரந்தீர் சிங் ஜென்டில் போட்டது. இன்னும் நான்கைந்து கடினமான ஆட்டங்கள் அவர் ஆடியிருந்தால் 52 சதவீதம் இறங்கியிருக்கலாம். தியான் சந்துக்கு இழப்பு வேறு வகை: 1940, 1944 ஒலிம்பிக்குகளைப் போர் தின்றுவிட்டது. ஆடாத ஆட்டத்துக்கு யார் பேரிலும் வரவு வைக்க முடியாது.

எண்ணே இல்லாமல் போனவர்களும் உண்டு. 1935 பயணத்தில் தியான் சந்தோடு போன சென்னை எம்.ஜே. கோபாலன், மறு ஆண்டு பெர்லினை விட்டுவிட்டு இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. ஒலிம்பிக் ஏட்டில் அவர் பெயரே கிடையாது. ஏட்டில் இல்லாததால் ஆட்டக்காரர் இல்லை என்று ஆகிவிடுமா?

அதனால்தான் இரண்டு தீர்ப்பாகப் பிரித்துச் சொல்கிறேன். ஹாக்கி மட்டையைப் பிடித்தவர்களில் மிகச் சிறந்தவர் தியான் சந்த் என்று சொல்ல விரும்புபவர்கள் தாராளமாகச் சொல்லலாம். கண்ணால் கண்டவர்களின் சாட்சி அவர் பக்கம் மலைபோல் இருக்கிறது. ஆனால் அதற்கு 570ஐயும் 1,000ஐயும் துணைக்கு அழைக்க வேண்டாம், அந்த எண்கள் குறுக்கு விசாரணையைத் தாங்காது. கோலடிப்பவர் யார் என்று எண்களிடம் மட்டும் கேட்டால், தியான் சந்துக்குக் கூடுதல் கணக்கான 39ஐக் கொடுத்த பிறகும், பதில் பல்பீர் சிங். சராசரியில் சற்றுப் பின்தங்கி, பங்கிலும் எதிரணியின் தரத்திலும் இறுதி ஆட்டங்களிலும் அவர் முந்துகிறார். பெர்லின் இறுதிக்கு ஒரு சாரார் சொல்லும் அந்த 6ஐ விட்டுவிட்டால், ஹெல்சிங்கியில் 1952 ஜூலையில் அவர் போட்ட ஐந்து கோலை ஆடவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இன்றுவரை எவரும் தாண்டவில்லை.